சிவப்புத் துணி கட்டிய காடு

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அணு உலை வெடித்தபோது காற்று இந்தப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. காடு முழுக்கக் கதிர்வீச்சுத் தூசு இறங்கியது. அடிவாரத்து ஊர்கள் காலியாகிவிட்டன. மலைமேல் பதினோரு வீடுகள் மட்டும் நகர மறுத்தன. அவர்களை விட்டுப் போக மனம் வராமல் அமிர்தவல்லி அம்மாளின் ஆசிரமமும் அங்கேயே இருந்துவிட்டது.

பொன்னுரங்கம் அவருடைய சீடர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் நடந்தார். எண் ஏறிய இடங்களைச் சுற்றி மரங்களில் சிவப்புத் துணி கட்டினார்.

"துணிக்கு அந்தப் பக்கம் எதையும் தொடாதீங்க. இந்தப் பக்கம் பயமில்லை" என்று வீடு வீடாகச் சொன்னார்.

முதல் வருஷம் நஞ்சு இலைகளில் இருந்தது. மழை அதைக் கழுவிச் சருகில் சேர்த்தது. சருகு மட்கியதும் மண்ணுக்குள் போயிற்று. இனி அங்கேயே கிடக்கும் என்று பொன்னுரங்கம் நிம்மதியானார். மூன்றாம் வருஷம் ஒரு தளிரில் கருவியை வைத்தார். எண் ஏறியது.

குருவிடம் ஓடினார்.

"அம்மா, உலை வெடிச்ச அன்னிக்கு இந்தத் தளிர் பிறக்கவே இல்லையே! இதுக்குள்ள எப்படி வந்தது?"

"வேர் என்ன செய்யும்?"

"மண்ணுல இருக்கிற சத்தை உறிஞ்சும். இதையும் சத்துன்னு நினைச்சு..."

பொன்னுரங்கம் போய்த் துணிகளை மாற்றிக் கட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் மேட்டு வீட்டுப் பொம்மி ஒரு கூடைக் காளானோடு ஆசிரமத்துக்கு வந்தாள்.

"துணிக்கு இந்தப் பக்கம் பறிச்சதுதான் சாமி. ஒரு மாசமா எங்க வீட்டுல இதுதான் குழம்பு. பிள்ளைங்க ரெண்டும் வேற எதையும் தொட மாட்டேங்குதுங்க."

பொன்னுரங்கம் பழக்கத்தில் கருவியைக் கூடைமேல் பிடித்தார். இதுவரை அவர் கண்டிராத எண்.

"நல்லாயிருக்கா சாமி?"

"வச்சிட்டுப் போம்மா."

அவள் கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பறித்த இடத்துக்குப் போனார். மரப்பட்டையில் எண் குறைவு. மண்ணிலும் பெரிதாக இல்லை. காளானில் மட்டும் ஏறியது. நாலடி தள்ளி இருந்த இன்னொரு வகைக் காளானில் ஒன்றுமே இல்லை. கட்டிய துணியை அவிழ்த்தார். அவிழ்த்ததை வேறு மரத்தில் கட்டினார். வெயில் உச்சிக்கு வந்தபோது எந்த மரத்தில் எதற்காகக் கட்டினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு குரு அங்கே வந்தார்.

"எங்க கட்டறதுன்னு தெரியலம்மா. மண்ணுல இல்லாத அளவு காளான்ல இருக்கு. அதைப் பன்னி தின்னுட்டுத் துணியைத் தாண்டிப் போகுது. பன்னிக்கு எங்க துணி கட்டறது?"

"பொம்மிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னன்னு சொல்றது? பயமில்லைன்னு சொன்னவனே நான்தான். அதை நம்பித்தானே பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டா. எனக்கு முழுசாப் புரியட்டும், அப்புறம் போறேன்."

"புரியற வரைக்கும் அவ வீட்டுல என்ன குழம்பு?"

பொன்னுரங்கம் கூடையை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

பொம்மி அடுப்பில் சட்டியை வைத்திருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் சட்டியை இறக்கி வெளியே குழி தோண்டிக் கொட்டினாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க சொன்னது பொய்யா சாமி?"

"தெரியாம சொன்னேன்."

"பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்?"

"தெரியல."

"வேற எதுதான் தின்னலாம்?"

"வெளியூர்லேருந்து வர்ற அரிசி, பருப்பு. காட்டுல எதுன்னு... இன்னும் பார்க்கணும்."

அவள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மீதிப் பத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு ஆசிரமத்துக்குத் திரும்பினார். குருவின் முன் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன் அம்மா. யாரும் என் முகத்தைப் பார்க்கல. இன்னிக்குச் சொன்னதும் நாளைக்கு மாறிட்டா நான் என்ன செய்வேன்?"

"நாளைக்கும் போங்க" என்றார் குரு.