ஊசித் துளை

கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மெஹர் டீச்சரின் பட்டறையில் எனக்கு அதுதான் வேலை. இறால் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கிற சென்சார்களை அங்கே செய்கிறார்கள். பின்கட்டுத் தொட்டிலில் என் பிள்ளை தூங்கினான்.

டீச்சரிடம் தொழில் பழகுகிற செபஸ்தியான் அண்ணன், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்தவர். மற்ற சென்சார்களெல்லாம் காலையிலேயே குளங்களுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தது அண்ணன் முதன்முதலாகத் தன் கையால் செய்தது ஒன்றுதான். அதைத்தான் புட்டியில் வந்த குளத்துத் தண்ணீரில் விட்டிருந்தார்.

மீட்டரில் பி.ஹெச். எண் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஓடியது. நிற்கவில்லை.

வாசலில் குளத்துக்காரர் சிங்காரவேலு. வண்டி நிறைய இறால் குஞ்சுப் பைகள்.

"அண்ணே, பையில அடைச்ச ஆக்சிஜன் இன்னும் ரெண்டு மணி நேரந்தான். விடலாமா கூடாதா? தப்பான தண்ணியில விட்டா ஒண்ணுகூடத் தேறாது."

"இதோ, நிக்கப் போவுது."

"ஒரு மணி நேரமா நிக்கப் போவுது!"

டீச்சர் வந்து சென்சாரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே உப்புக் கரைசல் தளும்ப இருந்தது. அடியில் ஊசித் துளை இருக்கவேண்டிய இடத்தில் பசை.

"துளையை ஏன் அடைச்சீங்க?"

"ஒழுகிச்சு டீச்சர். ரேடியோவுல ஒழுகுற கண்டென்சரத் தூக்கித்தான் போடுவோம்."

டீச்சர் சிரிக்கவில்லை. "பவுனு, உன் மோர்ச் செம்பைக் குடு."

கொடுத்தேன். அண்ணனிடம் நீட்டினார்.

"உப்பு சரியா இருக்கா, சொல்லுங்கண்ணே."

அண்ணன் செம்பை வாய்க்குக் கொண்டுபோனார்.

"வாயைத் திறக்காம சொல்லணும்."

மூடிய வாயிலேயே செம்பைச் சாய்த்தார். மீசையெல்லாம் மோர். வாசலில் சிங்காரவேலு கவலையை மறந்து சிரித்துவிட்டார்.

"திறக்காம எப்படி டீச்சர்?"

"வாயை அடைச்ச இந்த சென்சாரும் அதைத்தான் உங்களைக் கேக்குது."

அண்ணன் மீசையைத் துடைக்கவில்லை. ஊசியெடுத்துப் பசையைக் குடைந்தார். சரிபார்க்க வைத்திருக்கும், பி.ஹெச். ஏழு என்று எழுதி ஒட்டிய புட்டியில் முதலில் விட்டார். ஏழில் நின்றது. குளத்துத் தண்ணீரில் விட்டார். எட்டு புள்ளி ஒன்றுக்கு ஏறி, அங்கேயே நின்றது.

"விடலாமா?"

 டீச்சர் அண்ணனையே பார்த்தார்.

"விடுங்க," என்றார் அண்ணன்.

வண்டி போய்விட்டது. அண்ணன் மட்டும் சென்சாரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா டீச்சர், இப்படிக் கசிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள இருக்கறது தீந்துடுமே."

"தீரும். தீரத் தீர ஊத்துவோம்."

எனக்கு ஒன்று கேட்கவேண்டும்போல இருந்தது. இத்தனை மாதத்தில் நான் டீச்சரிடம் எதுவும் கேட்டதில்லை.

"டீச்சர், அப்போ ஊத்துறவங்களுக்கு யாரு..."

பின்கட்டில் பிள்ளை வீறிட்டான். பால் கசிந்து என் ரவிக்கை நனைந்தது.

"போ பவுனு," என்றார் டீச்சர். "கூப்பிடுறான்."