மாட்டுக்கு வந்த ஆத்துத் தண்ணி

மாடு வாங்கினா மாட்டை மட்டும் ஓட்டிட்டு வராதே, கூடவே அது தின்ன வைக்கோலு, அது குடிச்ச தண்ணி... இப்படி என்னமோ சொல்லுவாராம் மாசானத்தோட தாத்தா. மீதி என்னன்னு மாசானத்துக்கே ஞாபகம் இல்லை. கேட்டது பாதி, விட்டது பாதி. அந்த மாசானம் கதைதான் இன்னைக்கு. காலை நீட்டிப் படு. ம்?

கடலோரமா, பனையும் செம்மணலுமா ஒரு ஊரு. அங்கே எந்தக் கிணத்துல வாளி விட்டாலும் உப்புத் தண்ணிதான். பொறந்ததுலேர்ந்து குடிக்கிறவங்களுக்கு அது தண்ணி. வெளியூர்க்காரங்களுக்கு அது கஷாயம். அந்த ஊர்ல ஒரு மாசானம். அவனுக்குப் புதுசா கல்யாணம் ஆச்சு. பொண்ணு பேரு பிரம்மு. ஆத்தங்கரை ஊர்க்காரி.

வந்த அன்னைக்கே ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு, தண்ணி உப்பா இருக்கேன்னா. மாசானம் என்ன சொன்னான்? எங்கம்மா குடிக்கலையா, நான் குடிக்கலையா, பழகிக்கோன்னுட்டு வேலைக்குப் போயிட்டான். அப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்லை. சோறு கொஞ்சமா தின்னா. தண்ணி அதைவிடக் கொஞ்சமா குடிச்சா. உதடு வெடிச்சுது. மாசானம் பாத்தானா? பாக்கலை. எம் பொண்டாட்டி ஒரே நாள்ல பழகிட்டா பாருன்னு டீக்கடையில மீசையைத் தடவிக்கிட்டான்.

அப்புறம் ஒரு மாடு வாங்கினான். எங்கே? அதே ஆத்தங்கரையில, பிரம்மு ஊர்ச் சந்தையில. செவலை மாடு, நெத்தியில வெள்ளைச் சுட்டி, வயித்துல கன்னு. கொண்டாந்து கட்டினான். மாடு கிணத்துத் தண்ணியை மோந்து பாத்துது. புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுது. மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

அப்போதான் தாத்தா சொன்ன அந்தப் பாதி ஞாபகம் வந்துது. வண்டியைப் பூட்டினான். ஜல் ஜல் ஜல்னு ஆத்துக்குப் போனான். தண்ணி கொண்டாந்து தொழுவத்துல பெரிய பானையில ஊத்தி வெச்சான். மொத நாள் வெறும் ஆத்துத் தண்ணி. அடுத்த நாள் அதுல ஒரு செம்பு கிணத்துத் தண்ணி. அதுக்கடுத்த நாள் ரெண்டு செம்பு. மாடு மடக் மடக்னு குடிச்சுது. மெதுவா ராசாத்தி, மெதுவா, ஒரு அவசரமும் இல்லைன்னு கழுத்தை நீவிக் கொடுத்தான். பிரம்மு சாணி அள்ளிக்கிட்டே அதைக் கேட்டுட்டு இருந்தா.

ஆனா பானையில தண்ணி குறைஞ்சுது. காக்கா வேலைன்னு நினைச்சு மூடி போட்டான். அப்பவும் குறைஞ்சுது. நாய் வேலைன்னு மூடி மேல டொக்குன்னு கல்லைத் தூக்கி வெச்சான். அப்பவும் குறைஞ்சுது. அப்போ இது மனுஷ வேலைதான். தெருவுல நின்னுக்கிட்டு, எதிர்வீட்டு வேலம்மா காதுல விழற மாதிரி கத்தினான். வாயில்லாத ஜீவன் தண்ணியைத் திருடுற வாய் வெளங்குமான்னு கேட்டான்.

வேலம்மா சும்மா விடுவாளா? "உன் மாடு எச்சி பண்ணின தண்ணிக்கு நானா அலையறேன்? மொதல்ல உன் வீட்டுக்குள்ள பாருடா"ன்னா.

தெருவே சிரிச்சுது. பிரம்மு மட்டும் முறத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா.

தூங்கிட்டியா? ம். சரி, கேளு.

அப்புறம் மாசானம், காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, சுத்தி வந்து வைக்கோல்போருக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டான். உச்சி வெயில். சரக் சரக்னு காலடி. கல்லை யாரோ மெல்ல இறக்கி வெக்கிறாங்க. எட்டிப் பாத்தான்.

பிரம்மு.

கையில செம்புகூட இல்லை. உள்ளங்கையைக் குழிச்சு ஒரே ஒரு கை மொண்டா. கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சா. இன்னொரு கை மொண்டா. மாட்டைப் பாத்தா. அப்புறம் அந்தக் கைத் தண்ணியைத் திரும்பப் பானையிலயே விட்டுட்டா.

மாசானத்துக்கு வெளியே வரவும் முடியலை, அங்கேயே உட்காரவும் முடியலை. அப்போ பாத்து வைக்கோல் தூசி மூக்குல ஏறி, ஹச்சுன்னு ஒரு தும்மல். பிரம்மு திரும்பினா. அவன் தலையெல்லாம் வைக்கோலா எந்திரிச்சு நின்னான்.

"ஏன் பிரம்மு எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. வந்த அன்னைக்கே."

"மாடு வாயே வெக்கலை. அதனால எனக்குத் தெரிஞ்சுது..."

"நான் வாய் வெச்சுட்டேன். அதான் தெரியலை."

அவ்வளவுதான் சொன்னா. மூடியைப் போட்டு, கல்லைத் தூக்கி மேல வெச்சுட்டுப் போயிட்டா.

மாசானத்துக்கு மூஞ்சியை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியலை. மாட்டுப் பக்கம் திரும்பினான். அது அசை போட்டுக்கிட்டே அவனையே பாத்துது. அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போனான். உன்னைச் சொன்னது தப்புக்கா, எடுத்தது எம் பொண்டாட்டி, எடுக்க வெச்சது நான்னான்.

வேலம்மா அவனை மேலேயும் கீழேயும் பாத்தா. "அவ உதட்டைப் பாத்த எல்லாருக்கும் தெரியும்டா. உனக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னுட்டு உள்ளே போயிட்டா.

கதை கரைக்கு வந்தாச்சு, கண்ணு. இமையை மூடிக்கோ, மூடிக்கிட்டே மீதியைக் கேளு. மறுநாள் வண்டியைப் பூட்டி, மாட்டைப் பின்னாடி கட்டி, பிரம்முவோட ஆத்தங்கரையில அவ அப்பா வீட்டுக்குப் போயி, அவ ஆசை தீர ஆத்துத் தண்ணி குடிச்சு, இனி கிளம்பலாம்னு அவளா சொல்ற வரைக்கும் அங்கேயே வீட்டோட மாப்பிள்ளையா இருக்கிறதுன்னு மாசானம் முடிவு பண்ணான்.