தங்கபுஷ்பம் அக்காவின் கல்யாண நாள் அட்டை

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் ஜெசிந்தா. சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடியில், சனிக்கிழமை மத்தியானங்களில், ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக் கையால் வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக்கொடுத்தார். கீழே மெஷின், லாரி கொள்ளாத அளவுக்கு அட்டை அடித்துத் தள்ளும். மேலே நாங்கள் சில பெண்கள் மத்தியானம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று செய்வோம். அச்சடிக்கிற ஊரில் இது என்ன வேண்டாத வேலை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஜெசிந்தா டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் முதலில் பூவை அடிப்பார்கள், கிளியை அடிப்பார்கள், மிச்ச இடத்தில் 'வாழ்த்துகள்' என்று ஒன்றைக் குத்திவிட்டு எழுந்துவிடுவார்கள். டீச்சர் விடமாட்டார். முதலில் வார்த்தை ஸ்டாம்ப். அது காய்ந்த பிறகுதான் பூ.

"என்ன சொல்லப் போறீங்கன்னே தெரியாம எதுக்குப் பூ?" என்பார்.

வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர் தங்கபுஷ்பம் அக்கா. அவர் வீட்டுக்காரர் சவுந்தரபாண்டி காலண்டர் ஏஜெண்ட். வாயாலேயே ஊர் ஊராக வியாபாரம் பண்ணியவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அக்காதான். சனிக்கிழமை ஓரகத்தி வந்து உட்கார்ந்தால் இங்கே வருவார். வந்ததும் முதல் வேலையாக நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வருகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பூவுக்கு வந்துவிட்டோம். அக்காவின் அட்டை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. முன்னால் வார்த்தைப் பெட்டி திறந்து கிடந்தது.

"என்னக்கா, ஒண்ணும் ஆரம்பிக்கலையா?" என்றார் டீச்சர்.

"வர்ற புதன்கிழமை கல்யாண நாளு டீச்சர். அவுகளுக்கு ஒண்ணு செய்யணும். வார்த்தைதான் அகப்பட மாட்டேங்குது."

டீச்சர் பெட்டியிலிருந்து 'என்றும் அன்புடன்' எடுத்து வைத்தார். அக்கா அதை ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

'நன்றி' எடுத்து வைத்தார்.

"எதுக்கு நன்றி?"

'விரைவில் நலம் பெறுக.'

"அது ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

டீச்சர் பெட்டியை மூடினார். அக்காவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"ஒண்ணு கேக்குறேன் டீச்சர். மறைக்காம சொல்லணும். புருசன் மேல பாசம் இருக்கா இல்லையான்னே தெரியாதவ, அவருக்கு அட்டை செய்யலாமா? முன்னெல்லாம் அவுக செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு மூஞ்சி மலரும். இப்ப அவுக முனகினா எரிச்சல்தான் வருது. அன்புடன்னு அடிச்சுக் குடுத்தா அது பொய்யில்லையா?"

என் வாய் சும்மா இருக்குமா? "பாசம் இல்லாமலா அக்கா இவ்வளவும் பாக்குறீங்க?" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்து என் கிளிக்குப் பச்சை பூசத் தொடங்கினேன்.

டீச்சர் கேட்டார். "இப்ப மனசுல என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு கலங்குது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முடியல டீச்சர்" என்றார்.

டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய தாளில் பென்சிலால் என்னவோ எழுதினார். தாளைக் கவிழ்த்து ஒரு ரப்பர் துண்டின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தார். எழுத்து இடவலம் மாறி ரப்பரில் ஒட்டியது. சின்னக் கத்தியை எடுத்துச் சுற்றிலும் செதுக்க ஆரம்பித்தார். ரப்பர்த் தூள் மடியில் உதிர்ந்தது. வெட்டி முடித்து ஒரு மரக்கட்டையில் ஒட்டி, மையில் தொட்டு, வேண்டாத தாளில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

முடியல.

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்தவளே பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நல்லாருக்கே கதை!" என்றார் அக்கா. "கல்யாண நாளைக்கு எவளாவது இதைக் குடுப்பாளா? படுத்துக் கெடக்குற மனுசன் என்ன நெனப்பாரு?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாமலா வெட்டினீங்க?"

"நீங்க சொன்னீங்க, வெட்டினேன். அடிக்கணும்னு நான் சொல்லலையே."

அக்காவுக்குக் கோபம். இருந்தாலும் அந்த ஸ்டாம்ப்பையும் ஒரு மைப் பெட்டியையும் வெள்ளை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வர நேரமானது. வந்தவர் நாற்காலியில் சாயவில்லை. நேராக டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை வீடு நெறைய சனம் டீச்சர். ஓரகத்தி கேசரி கிண்டுனா. மகன் வீடியோவுல வந்தான். ஆளாளுக்கு, 'மாமா தேறிட்டாரு, இன்னும் கொஞ்ச நாள்ல எந்திரிச்சு நடப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போனாக. எல்லாரையும் அனுப்பிட்டு விரிப்பை மாத்துனேன். மாத்தி நிமிரல, மறுபடியும் நனைச்சுட்டாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. பையில இருந்து அந்த ஸ்டாம்ப்பை எடுத்து, அவுக கண்ணு முன்னாடியே அட்டையில ஓங்கி ஒரு குத்து. 'இந்தாங்க, பாத்துக்கோங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டினேன்."

"ம்."

"படிச்சாக. ரொம்ப நேரம் அதையே பாத்தாக. அழுவாக, இல்லைன்னா சுவரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிடுவாகன்னு நெனச்சேன். இடது கைய நீட்டினாக. என்ன வேணும்னு எனக்குப் புரியல. அட்டையக் குடுத்தேன், வாங்கல. ஸ்டாம்ப்பைக் காட்டுனாக."

அக்கா பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். மேலே ஒரு 'முடியல'. ஓங்கிக் குத்தியதில் மரக்கட்டையின் ஓரமும் சேர்ந்து பதிந்திருந்தது. அதற்குக் கீழே கோணலாக, மை பாதி பிடித்தும் பிடிக்காமலும் இன்னொரு 'முடியல'. பூ எதுவும் இல்லை.

"நான்தான் மைப் பெட்டியப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார் அக்கா. "அவுகளேதான் அடிச்சாக. ரெண்டு வருசத்துல அவுக எங்கிட்டப் பேசின மொத வார்த்தை டீச்சர் இது. படுத்தேதான கெடக்குறாக, இவுகளுக்கு என்ன அசதின்னு நெனச்சுட்டுத் திரிஞ்சேன் பாருங்க, பாவி."

சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே மூக்கையும் உறிஞ்சிக்கொண்டார். டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடித்ததும் அக்காவுக்குக் குரல் கொஞ்சம் தெளிந்தது.

"பாவம் டீச்சர் அவுக. பதிலுக்கு நான் ஒண்ணு சொல்லணும். 'எல்லாம் சரியாப் போயிரும்'னு ஒண்ணு வெட்டிக் குடுங்க. நல்லாப் பெரிய எழுத்தா இருக்கட்டும். கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி."

டீச்சர் மெல்லிய தாளை எடுத்தார். பென்சிலை எடுத்து நுனியைத் தாளில் வைத்தார். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க முடியலன்னதுக்கு, அவரு உங்களுக்கு அப்படிச் சொல்லலையேக்கா."