முதல் வரிசை முந்திரி

மடத்தில் குருபூசை. தெருவெல்லாம் பாயச வாசனையில் கிறங்கிக் கிடக்க, பொருளியல் பேராசிரியர் பொன்னம்பலத்துக்கு மட்டும் முகமே சரியில்லை. கல்லூரிக்கு முழுக்குப் போட்டுவிடும் முடிவோடு வந்திருந்தார்.

மடத்துத் தலைவி செங்கமலத்தம்மாள் வயதில் அவருக்கு இளையவர்தான். குரு என்று வந்துவிட்டால் வயதையா பார்ப்பார்கள்?

"நேத்து வகுப்புல ஒரு பொண்ணு எழுந்து, பழைய பொருளியல் அறிஞர்கள்ல யார் சொன்னது சரின்னு கேட்டுட்டாம்மா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர், வேலையைப் பிரிச்சுச் செஞ்சா செல்வம் பெருகும்ங்கிறார். அடுத்தவர், பெருகினது யார் கைக்குப் போகுதுன்னு பாரு, நிலம் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் கொழுத்த பங்குங்கிறார். இன்னொருத்தர், வாய் பெருகுற வேகத்துல சோறு பெருகாதுங்கிறார். பதில் தெரியாம இனி அந்த வகுப்புல கால் வைக்க மாட்டேன்."

"அடுப்படியில ஆள் பத்தலை. கொஞ்சம் போய்ப் பாருங்க, வாத்தியாரே."

பதில் கேட்டு வந்தவர் கையில் பாயசம் கிண்டும் துடுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே எல்லாரும் எல்லா வேலையும் செய்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தர் தேங்காய் துருவுங்க, ஒருத்தர் பால் காய்ச்சுங்க. ஆளுக்கொரு வேலைன்னு பிரிச்சுக்கிட்டா இன்னொரு அண்டா ஏறும்" என்று அதட்டினார். ஏறவும் செய்தது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து, பந்தியில் பரிமாறச் சொன்னார் அம்மாள். வழக்கப்படி, மடத்துக்கு நிலம் எழுதிவைத்த குடும்பத்தாருக்கு முதல் வரிசை. பேராசிரியருக்குப் பரிமாறிப் பழக்கமில்லை. வாளியை அடிவரை கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினார். மிதந்த முந்திரியெல்லாம் அந்த வரிசையோடு தீர்ந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த, அதே நிலத்தில் நாற்று நட்ட பெண்களுக்கு ஒரு முந்திரிகூட இல்லை.

"இது நியாயமாம்மா? நிலம் கொடுத்தவங்களுக்கே முந்திரி அத்தனையும் போயிடுச்சு" என்று கொதித்தபடி வந்தார்.

"கரண்டி உங்க கையிலதானே இருந்துச்சு? சரி, வாசல்ல நின்னு அடுத்த பந்திக்கு ஆள் விடுங்க."

வாசலில் கூட்டம் தெருமுனையைத் தாண்டி நின்றது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு இன்னும் வந்துகொண்டேயிருந்தார்கள். உள்ளே ஓடினார்.

"அம்மா, எத்தனை அண்டா ஏத்தினாலும் இந்தக் கூட்டத்துக்குத் தாங்காது. கதவைச் சாத்திடுவோம்."

அம்மாள் கதவைச் சாத்தவில்லை. இன்னொரு அண்டா ஏற்றச் சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில மூணு பேரைப் பத்திச் சொன்னீங்களே, வாத்தியாரே. மூணு பேருக்கும் உங்க குரல்தானா?"

அடுப்படி, பந்தி, வாசல் என்று பொன்னம்பலம் விரல் மடக்கி எண்ணினார். பிறகு, தோள் குலுங்கச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

"சரிம்மா, நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லட்டும்?"

"என்ன அவசரம்? நீங்க இன்னும் இலையில உட்காரலையே. கடைசி வரிசையில இடம் இருக்கு, போங்க. அங்கேருந்து பார்த்தா நாலாவதா ஒண்ணு தோணும். அதையும் கொண்டுபோய்ச் சொல்லுங்க."