ஊமையாற்றில் விட்ட படகு

வீரகண்டன் என்றொரு ராஜா இருந்தான். பெரிய நாடு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கோடியில் சேவல் கூவினால் அந்தக் கோடியில் ஆள் எழுந்துவிடுவான். ஆனாலும் ராஜா ராஜாதானே! பக்கத்து நாட்டில் பேராறு ஓடுகிறதே, நமக்கு அப்படி ஒன்று இல்லையே என்று அவனுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

அவன் நாட்டில் இருந்தது ஊமையாறு. மலையடியில் ஒரு பாறை வெடிப்பில் கசிந்து, ஐந்து ஊர்களைக் கடந்து, அந்தப் பேராற்றில் போய் விழும். ஐப்பசி மழைக்கு நாற்பது நாள் தண்ணீர். மற்ற நாளெல்லாம் மணல். கோடையில் பெண்கள் அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள். ஐந்து ஊர்களும் உயிர் பிழைத்தது அதனால்தான்.

அரசனின் வயிற்றெரிச்சல் அவைப்புலவர் சிகாமணிக்குத் தெரியும். உடனே 'ஊமையாற்றுப் புராணம்' எழுதினார். ஆற்றைக் கண்ணால் பார்த்தாரா? அதிரசத் தட்டை விட்டு எழுந்தால்தானே! அரசனின் பாட்டன் அம்பெய்து மலையைப் பிளக்க, அதிலிருந்து பிறந்த ஆறாம். கோடையிலும் இரண்டு பனை ஆழமாம். மனிதக் கால் பட்டால் நாட்டுக்கே கேடாம். அரசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆற்றில் கால் வைப்பவருக்கு முப்பது கசையடி" என்று ஊர் ஊராகப் பறை அறைவித்தான்.

சித்திரை பிறந்தது. அந்த ஐந்து ஊர்களில் ஒன்றான கரைப்பட்டியிலிருந்து காத்தாயி என்ற பெண் அரண்மனைக்கே நடந்து வந்து, அமைச்சர் சாத்தப்பர் முன்னால் வெறுங்குடத்தை வைத்தாள்.

"ஐயா, மணலுக்கடியில தண்ணி கெடக்குது. கரையில நாங்க நாக்கு வறண்டு நிக்கிறோம். எம்புள்ள மூணு நாளா குட்டைச் சேத்தத்தான் வடிகட்டிக் குடிக்குது. இது எந்த ஊரு நியாயம்?"

சாத்தப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முகத்தில் காட்டாமல் நேரே அரசனிடம் போனார்.

"அரசே, இப்பேர்ப்பட்ட நூலை அவையிலா அரங்கேற்றுவது? ஆற்றின் நடுவே, படகில் வைத்து அரங்கேற்றுவோம்."

அரசன் துள்ளிக் குதித்தான். எழுதி எழுதித் தம் புளுகைத் தாமே நம்பிவிட்ட புலவரும் தலையாட்டினார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் எல்லோரும் கரையில் கூடினார்கள். ஆற்றில் மணல் பொரிந்துகொண்டிருந்தது.

"எங்கே ஐயா தண்ணீர்?" என்றான் அரசன்.

புலவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் வாய் மட்டும் வற்றவில்லை. "அரசே, இது தெய்வ நீர். பாவிகள் கண்ணுக்குத் தெரியாது."

அரசன் சட்டென்று, "ஆமாம், ஆமாம்! என்ன அலை! என்ன அலை!" என்றான். பாவி என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை?

"பிறகென்ன, ஏறுங்கள் புலவரே!" என்றார் சாத்தப்பர்.

புலவர் சுவடியோடு படகில் ஏறினார். நாலு பேர் கரையிலிருந்து தள்ளினார்கள். படகு சரிவில் சறுக்கிப் போய் மணலில் நச்சென்று உட்கார்ந்தது. புலவர் படிக்கத் தொடங்கினார். பத்தாவது பாட்டில் தொண்டை கட்டியது. இருபதாவது பாட்டில் கண் இருட்டியது.

"அமைச்சரே, கொஞ்சம் தண்ணீர்..."

"சுற்றிலும் இரண்டு பனை ஆழத்துக்குக் கிடக்கிறதே! கையை நீட்டி அள்ளிக் குடியுங்கள்."

"யாரையாவது ஒரு செம்பு கொண்டுவரச் சொல்லுங்கள்!"

"ஐயோ, கால் படக்கூடாதே! நாட்டுக்குக் கேடு என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?"

ஐந்து ஊர்ச் சனமும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. புலவர் இன்னும் ஐந்து பாட்டுத் தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. ஓலைகளுக்கு மேலும் கீழும் வைத்துக் கட்டியிருந்த பலகைகளில் மேல்பலகையை உருவிக்கொண்டு மணலில் குதித்தார்.

"இது ஆறே இல்லை, அரசே! வெறும் மணல்! நான் எழுதியதெல்லாம் பொய்!" என்று கத்திக்கொண்டே பலகையால் மணலை வாரி வாரி இறைத்தார். முழங்கை ஆழத்தில் நீர் ஊறியது. குப்புற விழுந்து மாடு மாதிரி உறிஞ்சினார்.

எல்லோரும் அரசனைப் பார்த்தார்கள். சற்று முன்பு அலை பார்த்தவன் அவன்தானே! வேறு வழியில்லாமல் விழுந்து விழுந்து சிரித்தான். தடையை அந்த இடத்திலேயே நீக்கினான். காத்தாயி முதல் ஆளாக மணலில் இறங்கினாள்.

"சாத்தப்பரே, புளுகை வெட்டவெளிச்சமாக்கினீர். என்ன பரிசு வேண்டும், கேளும்!" என்றான் அரசன்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், அரசே. அந்தப் புராணத்தின் அடிப்பலகை படகில் சும்மா கிடக்கிறது. அதைக் காத்தாயிக்குக் கொடுத்துவிடுங்கள். மணலை நன்றாக வாரும்."