வெறும் தண்ணி

மருதவாணர் விழுப்புரம்–புதுச்சேரி பேருந்தில் இருபத்தெட்டு வருடம் நடத்துநராக இருந்தவர். ஒரு நாளைக்கு நான்கு நடை. நான்கு முறையும் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் டீ குடித்துவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார். கடல் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். ஒரு நாளும் போனதில்லை.

அவர் மனைவி செண்பகவல்லி கடலையே பார்த்ததில்லை. ஒரு தடவை கூட்டிப்போங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அங்க என்ன இருக்கு? வெறும் தண்ணி" என்பார்.

ரொம்பவும் கேட்டால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போகலாம் என்பார். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் அவள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் ஊருக்கு வெளியே சின்ன மடம் ஒன்றை நடத்திவந்த ஞானாம்பிகை அம்மையிடம் போய்ச் சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கூட்டுவது, தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது எல்லாம் மருதவாணர் வேலையாயிற்று. கண்ணை மூடி உட்காரத்தான் அவரால் முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

ஒரு நாள் அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார். இந்தக் குற்றத்தைக் கரைக்க ஏதாவது மந்திரம் உண்டா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் அம்மை துணிப்பையோடு வந்து நின்றார்.

"கிளம்புங்க ஐயா. புதுச்சேரி போய் ஊர் சுத்திட்டு வரலாம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் குருவின் சொல்லைத் தட்ட முடியவில்லை.

பகல் முழுவதும் சுற்றினார்கள். மஞ்சள் சுவர் வைத்த தெருக்கள், பெரிய மரங்கள் நின்ற பூங்கா. அம்மை ஐஸ்கிரீம் வாங்கி ரசித்துச் சாப்பிட்டார். வெயிலுக்கு ஒரு ஓலைத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார். மருதவாணர் தலையைக் குனிந்தபடி பின்னால் வந்தார். பார்த்தீர்களா என்று அம்மை கேட்டபோதெல்லாம் பார்த்தேன் என்றார்.

மதியம் ஊருக்கு வெளியே ஆற்றில் படகு ஏறினார்கள். அம்மை எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார். மருதவாணர் தன் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்திருந்தார். யாரோ உட்கார வந்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையோரக் கற்களில் உட்கார்ந்தார்கள். வயதான கணவன் மனைவி இருவர் வந்து, போனைக் கொடுத்து, ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். அந்த அம்மாள் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்து, பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். மருதவாணர் படம் எடுத்தார். மறுபடியும் ஒன்று எடுத்தார். அவர்களுக்குப் பின்னால் கடல் இருந்தது.

அவர்கள் போன பிறகும் அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நீலம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அலை வந்து கல்லில் உடைந்து, வெள்ளையாக எழுந்து விழுந்தது. சாரல் அவர் முகத்தில் பட்டது.

"அம்மா, இது வெறும் தண்ணி இல்லைம்மா."

"ஆமாம்."

"பார்க்காமலே சொல்லியிருக்கேன். இருபத்தெட்டு வருஷம்."

அம்மை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே இதை அவகிட்ட எப்படிச் சொல்றது?"

அம்மை எழுந்து, சற்றுத் தள்ளியிருந்த ஒரு கல்லைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலை ஐயா. நான் அங்க போய் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன். சொல்லி முடிச்சதும் கூப்பிடுங்க."

சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கின. அவர் இன்னும் கூப்பிடவில்லை.