இருநூற்றுப் பத்தை மறந்த சிங்கராயர்

சப்பைக்குளத்தில் காரச்சேவுக் கம்பெனி இரண்டே இரண்டு. ஒன்றைச் சிங்கராயரும் தம்பி ஞானமுத்துவும் மச்சினன் சவரியும் நடத்தினார்கள். மற்றது பால்வண்ணத்துடையது. காலேஜ் ஹாஸ்டலுக்கு ஒரு வருஷம் சேவு போட டெண்டர் வந்திருந்தது. அது கை நழுவினால் சிங்கராயர் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

சிங்கராயர் யோசனை கேட்கப் போன வக்கீலம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். "பால்வண்ணம் விலை உங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா கூட்டுச்சதின்னு டெண்டரை விட்டே தூக்கிருவாங்க. அவர் காகிதம் எதுவும் வந்தா படிக்காதீங்க. 'எங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு அவருக்கே எழுதிப் போட்டுருங்க."

மறுநாளே கூரியர்காரன் பால்வண்ணத்தின் கவரைத் தப்பாக இங்கே போட்டுவிட்டுப் போனான். மேலே கொட்டை எழுத்தில் 'ரகசியம்'.

"விலைதானான்னு பாக்காம எப்படிப் படிக்காம இருக்கது?" என்றான் சவரி. "கல்யாணப் பத்திரிகையா இருந்தா பொல்லாப்புல்லா."

ஞானமுத்து வழி கண்டுபிடித்தான். "ஆளுக்கு ஒரு வரி வாசிப்போம். யாரும் முழுசாப் படிச்சதா ஆகாது."

ஞானமுத்துவுக்கு விலாசம் வந்தது. சவரிக்கு 'அன்புடையீர்'. சிங்கராயருக்கு 'கிலோ இருநூற்றுப் பத்து ரூபாய்'. மனுஷன் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"மறந்துருண்ணே."

சிங்கராயர் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து மறக்க ஆரம்பித்தார். அரைமணிக்கு ஒருதரம் சவரி வந்தான்.

"அத்தான், இருநூத்திப் பத்து மறந்துட்டா?"

"இப்பத்தாம்ல மறந்தேன். இனி முதல்லருந்து மறக்கணும்."

ஞானமுத்து பால்வண்ணத்துக்குக் கடிதம் எழுதினான்: 'தங்கள் விலை இருநூற்றுப் பத்து என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நூற்றுத் தொண்ணூற்றைந்து போடப்போவதைத் தாங்களும் தெரிந்துகொள்ள வேண்டாம்.'

டெண்டர் நாள். அதிகாரி முன்னால் ஃபாரத்தை நிரப்ப வேண்டும். சிங்கராயர் பேனாவை எடுத்தார். மறந்த மறதியில் சொந்த விலை போய்விட்டிருந்தது. இருநூற்றுப் பத்து மட்டும் கல்லு மாதிரி நின்றது. பக்கத்து நாற்காலிப் பால்வண்ணத்திடம் சாய்ந்தார்.

"அண்ணாச்சி, எங்க விலை என்ன?"

"அது எனக்குத் தெரியக் கூடாதுல்லா. உங்க லெட்டரை என் வீட்டுக்காரிதான் சத்தமா வாசிச்சா. நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

"ரெண்டு காதையுமா?"

"ஒண்ணைத்தான். மத்த கையில சேவு இருந்துச்சு. நூத்தித் தொண்ணூத்தஞ்சு, எழுதிக்கிடுங்க."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி இரண்டு ஃபாரத்தையும் வாங்கி நாலாகக் கிழித்தார். வாசலைக் காட்டினார்.

வெளியே வந்த சிங்கராயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, டெண்டர் போச்சு. கிடைச்சிருந்தா நம்ம விலை நமக்கே தெரியும்னு கூட்டுச்சதில தூக்கிருப்பாங்க."